மலைக்குளிரில் மங்கும் கார் கண்ணாடி

மேட்டுப்பாளையத்தில் ஏசியோடு கிளம்பும் கார்களில் பல, கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்துவிடுகின்றன. வெளியே குளிர் வந்துவிட்டது, இனி ஏசி எதற்கு, பெட்ரோலாவது மிஞ்சட்டும் என்பது கணக்கு. குன்னூரை நெருங்கும்போது மழையோ மூடுபனியோ சேர்ந்துகொண்டால் ஜன்னல்களையும் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் முன்கண்ணாடி உள்பக்கமாக மங்கத் தொடங்குகிறது. ஓட்டுபவர் ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறுகையில் துண்டுமாகத் துடைத்துக்கொண்டே வளைவில் திரும்புகிறார். எதிரே பேருந்து இறங்கி வருகிறது. துடைத்த இடம் அவர் கையை எடுப்பதற்குள் மறுபடி மங்குகிறது.

இதற்குத் தீர்வு அவர் அணைத்த அந்தப் பொத்தானிலேயே இருக்கிறது. குளிர்ப் பகுதியில் காரின் ஏசி நம்மைக் குளிர்விக்க அல்ல, காற்றைக் காயவைக்கத் தேவைப்படுகிறது. இது புரிந்துவிட்டால் மற்ற வழிமுறைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தாமாகவே விளங்கிவிடும்.

காற்று எப்போதும் கொஞ்சம் தண்ணீரை ஆவியாகச் சுமந்துகொண்டிருக்கிறது. சூடான காற்று அதிகம் சுமக்கும், குளிர்ந்த காற்று குறைவாகச் சுமக்கும். ஒரு கனமீட்டர் காற்று 25 டிகிரி செல்சியஸில் சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 5 டிகிரியில் ஏறத்தாழ 7 கிராம். பூஜ்யம் டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. சூடான, ஈரமான காற்று குளிர்ந்த பரப்பைத் தொடும்போது, அந்த இடத்தில் அதன் தாங்கும் அளவு சட்டென்று குறைகிறது. மிஞ்சிய தண்ணீர் துளியாக அந்தப் பரப்பிலேயே படிகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே காரணத்தால்தான். குளிர்காலத்தில் காரின் கண்ணாடிதான் அந்தச் சொம்பு. வெளிக்குளிரை நேரடியாக வாங்கி, காருக்குள் இருக்கும் மற்ற எல்லாப் பொருட்களையும்விட முதலில் குளிர்ந்துபோவது அதுதான்.

சரி, காருக்குள் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நம்மிடமிருந்துதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும், வியர்வை என்று கண்ணுக்குத் தெரியாமலே, மணிக்கு 30 முதல் 40 கிராம் தண்ணீரை ஆவியாக வெளியேற்றுகிறார். நான்கு பேர் என்றால் மணிக்கு 140 கிராம் வரும். ஒரு சாதாரண காரின் உள்ளே இருக்கும் காற்று மொத்தமே 3 கனமீட்டர் அளவுதான். கண்ணாடி 5 டிகிரியில் இருந்தால், அந்தக் குளிர்நிலையில் 3 கனமீட்டர் காற்று தாங்குவது 20 கிராம் அளவு. ஐந்தே நிமிடத்தில் நான்கு பேரும் சேர்ந்து 11 கிராமுக்கு மேல் கூடுதலாகச் சேர்க்கிறோம், இரண்டு டீஸ்பூன் தண்ணீர். இரண்டு டீஸ்பூன் எம்மாத்திரம் என்று தோன்றலாம். மெல்லிய படலமாகப் பரவினால் காரின் எல்லாக் கண்ணாடிகளையும் மறைக்க அது போதும்.

இதோடு நனைந்த குடை, சொட்டும் ரெயின்கோட், சேறும் ஈரமுமான செருப்பு, ஃபிளாஸ்க்கில் இருந்து ஊற்றும் டீயின் ஆவி, பின்சீட்டில் அழுதுகொண்டே வரும் குழந்தையின் மூச்சு எல்லாம் சேர்கின்றன. துண்டால் துடைத்தால் கண்ணாடியிலிருந்து போகும் ஈரம் துண்டில் இருக்கிறது, துண்டு காருக்குள்ளேயே இருக்கிறது, அது காய்ந்து மறுபடி காற்றில் கலக்கிறது. தண்ணீர் காரைவிட்டு வெளியே போகவே இல்லை. அதை வெளியே அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஈரக்காற்றைத் துரத்திவிட்டு வெளிக்காற்றை உள்ளே விடலாம். அல்லது ஏசியைக் கொண்டு காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து, வண்டிக்கு அடியில் சொட்டவிடலாம். நல்ல பலன் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

ஏசி என்ன செய்கிறது

டாஷ்போர்டுக்குள் ஒரு குளிர்க்கம்பிச் சுருள் இருக்கிறது. ஏசி ஓடும்போது அது உறைநிலைக்குச் சற்று மேலே, 3 முதல் 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். ஃபேன் தள்ளும் காற்று முதலில் இந்தச் சுருளைக் கடக்கிறது. அங்கே காற்றின் ஈரம் சுருளின் மேல் துளியாகப் படிந்து, ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. கோடையில் நிறுத்திய காருக்கடியில் தெரியும் தண்ணீர் அதுதான். சுருளைக் கடந்த காற்று அதற்குப் பிறகுதான் ஹீட்டரின் பக்கம் வருகிறது. பெரும்பாலான கார்களில் வெப்பத் திருகியைச் சிவப்புப் பக்கம் திருப்பினால், ஈரம் நீங்கிய அந்தக் காற்று சூடாக்கப்பட்டு வெளியே வரும். அதாவது ஏசியும் ஹீட்டரும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. ஒன்று உலர்த்துகிறது, அடுத்தது சூடாக்குகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் வண்டி பழுதாகிவிடும் என்று நம்மூரில் பலர் நம்புகிறார்கள். அந்தப் பயத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை, காரை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

ஜூலை மாதத்து ஊட்டியை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழை, வெளியே 15 டிகிரி, காற்று முழுக்க நனைந்து கிடக்கிறது. கனமீட்டருக்கு 13 கிராம் தண்ணீர் அதில் இருக்கும். ஏசியின் சுருளைக் கடந்ததும் அது 7 கிராமாக, ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அதை 25 டிகிரிக்குச் சூடாக்கினால், 23 கிராம் தாங்கக்கூடிய காற்றில் 7 கிராம்தான் இருக்கும். அப்படிப்பட்ட தாகம் மிக்க காற்று கண்ணாடியில் பட்டால் படிந்திருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

இப்போது ஜனவரி மாத விடியற்காலை. நீலகிரியில் நவம்பரில் நீர்ப்பனியும், பிறகு பிப்ரவரி வரை உறைபனியும் விழும். தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும், வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். அந்த நேரத்தில் வெளிக்காற்றே 5 கிராமுக்கும் குறைவான தண்ணீரைத்தான் வைத்திருக்கிறது. அதை ஏசி இன்னும் உலர்த்த முடியாது. சுருள் உறைந்துவிடாமல் இருக்க, பல கார்களில் கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும். பொத்தானில் விளக்கு எரியும், உள்ளே வேலை நடக்காது. அதனால் கவலையில்லை, அந்தக் குளிரில் வெளிக்காற்றைச் சூடாக்கினாலே அது போதுமான அளவு உலர்ந்த காற்று. ஆக, மழைக்குளிரில் ஏசியின் பங்கு பெரிது, உறைபனிக் குளிரில் வெளிக்காற்றின் பங்கு பெரிது. பொத்தானை இரண்டிலும் போட்டே வைக்கலாம், எது தேவையோ அதைக் கார் பார்த்துக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏசியைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுச் சட்டென்று அணைத்தால், சுருளின் மேல் நிற்கும் தண்ணீர் வெப்பக்காற்றில் மறுபடி ஆவியாகி நேராக முன்கண்ணாடிக்கு வந்து படியும். மலையேற்றத்தில் ஏசியை அணைத்த கொஞ்ச நேரத்துக்குள் கண்ணாடி திடீரென்று மங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஏசியை அணைத்தும் போட்டும் விளையாடுவதைவிட, தொடர்ந்து ஓடவிடுவதே மேல். அதற்காகச் செலவாகும் எரிபொருள் மலைப்பாதையில் எதிரே வருவதைப் பார்ப்பதற்கான விலை. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வண்டியைக் கிளப்பும்போது

முதலில் பார்க்க வேண்டியது, காற்று உள்ளேயே சுற்றும் பொத்தான். காரின் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டிருக்குமே, அதுதான். சென்னை வெயிலிலும் தூசியிலும் அதை நிரந்தரமாகப் போட்டே வைத்துப் பழகிவிட்டோம். குளிரில் அது எரிந்துகொண்டிருந்தால் நான்கு பேரின் மூச்சையும் கார் திரும்பத் திரும்பக் கண்ணாடி மேல் ஊதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். கண்ணாடி மங்குவதாகச் சொல்லும் கார்களில் பலவற்றுக்கு இந்த ஒரு பொத்தானே மருந்து.

அடுத்து, விசிறி வடிவக் கண்ணாடியில் மூன்று நெளிந்த அம்புகள் மேல்நோக்கிப் போகும் குறி. காற்று முழுவதையும் முன்கண்ணாடிக்கு அனுப்புவது அது. பல கார்களில் இதைத் தேர்ந்தெடுத்தாலே ஏசியும் வெளிக்காற்றும் தாமாக வந்துவிடும். உங்கள் காரில் அப்படி வருகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபேனை முதலில் அதிகமாக வைத்து, கண்ணாடி தெளிந்ததும் குறைக்கலாம். டாஷ்போர்டின் இரு ஓரங்களிலும் உள்ள காற்றுத் துவாரங்களைப் பக்கக் கண்ணாடியை நோக்கித் திருப்புங்கள். பக்கவாட்டுக் கண்ணாடி மங்கினால் வெளியே இருக்கும் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது, கொண்டை ஊசி வளைவில் அது முன்கண்ணாடி மங்குவதற்கு இணையான ஆபத்து.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹீட்டரிலிருந்து சூடு வராது, குறிப்பாக டீசல் வண்டிகளில் தாமதமாகும். அதுவரை ஏசிக்காற்றே வேலை செய்யும். கொஞ்சம் நடுங்க வேண்டியிருக்கும், சால்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் சூடாகக் காத்திருக்கும் தொல்லை இல்லை. ஆனால் ஹீட்டர் பேட்டரியிலிருந்தே மின்சாரத்தை எடுப்பதால் ஓடும் தூரம் குறையும், மலைக்குப் போகும்முன் அதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பின்கண்ணாடியில் மெல்லிய கோடுகள் ஓடும் கார்களில் அதற்கென்று தனிப் பொத்தான் உண்டு, நீள்சதுரத்தில் மூன்று அம்புகள் இருக்கும். அந்தக் கோடுகள் மின்சாரத்தில் சூடாகிக் கண்ணாடியைத் தெளியவைக்கும். அந்தக் கண்ணாடியை உள்ளே சுத்தம் செய்யும்போது கோடுகளின் போக்கிலேயே மெதுவாகத் துடைக்க வேண்டும். சுரண்டினாலோ ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்தாலோ கோடு அறுந்து, அந்த வரி மட்டும் எப்போதும் மங்கியே இருக்கும்.

வெளிக்காற்று உள்ளே வரவேண்டுமென்றால் உள்காற்று வெளியேற இடம் வேண்டும். பெரும்பாலான கார்களில் பின்பம்பருக்கு உள்பக்கம் அதற்கான திறப்புகள் இருக்கின்றன. டிக்கியில் மூட்டை முடிச்சுகளை இடைவெளியில்லாமல் திணித்தால் காற்றின் பாதை அடைபடும். ஃபேன் முழுவேகத்தில் சத்தம் போட்டும் காற்று வீசாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம், கேபின் ஃபில்டர் தூசியால் அடைத்திருப்பது மற்றொன்று. இந்த ஃபில்டர் பல கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, நாமே கழற்றிப் பார்க்கலாம். மலைப்பயணத்துக்கு முன் பார்த்துவிட வேண்டிய பொருள் இது.

ஹீட்டரும் இல்லை, ஏசியும் ஓடவில்லை என்ற பழைய வண்டியில் எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களை இரண்டு விரல் அளவு இறக்கிவிடுவதுதான் வழி. குளிரும், ஆனால் தெரியும்.

நிறுத்திவைக்கும் இரவு

காலையில் மங்கும் கண்ணாடியின் கதை முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. நாள் முழுக்கச் சுற்றிவிட்டு விடுதிக்கு வந்து, மூச்சு நிறைந்த வெப்பக்காற்றோடு கதவுகளைப் பூட்டிவிட்டுப் போகிறோம். இரவில் கண்ணாடி குளிரக் குளிர அந்த ஈரம் முழுவதும் அதன் மேல் இறங்குகிறது. உறைபனி இரவாக இருந்தால் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே பனி உறைந்திருக்கும். மழையில்லாத மாலையாக இருந்தால், பூட்டுவதற்கு முன் நான்கு கதவுகளையும் ஓரிரு நிமிடம் திறந்துவையுங்கள். ஈரமான 3 கனமீட்டர் காற்று போய், மலையின் குளிர்ந்த, உலர்ந்த காற்று உள்ளே வந்துவிடும். செலவே இல்லாத இந்தக் காரியத்தைச் செய்பவர்கள் மிகக் குறைவு. நனைந்த கால்மிதிகளையும் குடைகளையும் துண்டுகளையும் அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள். காலையில் உள்பக்கம் பனி உறைந்திருந்தால் ஹீட்டரால் உருக்குவதற்கு முன் துணியால் சுரண்டி எடுத்து, அந்தத் துணியை வண்டிக்கு வெளியே வையுங்கள். அப்படியே உருகவிட்டால் அத்தனையும் திரும்பக் காற்றில்தான் கலக்கும். வெளிப்பக்கப் பனியைக் கரைக்க வெந்நீர் ஊற்றுவது கூடவே கூடாது. உறைகுளிரில் இருக்கும் கண்ணாடி, அதிலும் கல் தெறித்துச் சின்னப் பொட்டு விழுந்த கண்ணாடி, வெந்நீர் பட்டால் விரிசல் விட்டுவிடக்கூடும்.

காருக்குள்ளேயே தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மலைவாசஸ்தலங்களில் சுற்றுலா வண்டி ஓட்டுநர்கள் பலர் காலங்காலமாக இரவை வண்டிக்குள்தான் கழிக்கிறார்கள். விடுதிகள் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் ஏற்படுத்தித் தர வேண்டும் என்று தமிழக அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. உங்களை அழைத்துவந்த ஓட்டுநருக்கு இடம் இருக்கிறதா என்று அறையைப் பதிவு செய்யும்போதே கேட்பது நம் கடமை. ஒருவர் எட்டு மணி நேரம் மூடிய வண்டிக்குள் தூங்கினால் ஒரு டம்ளருக்கு மேற்பட்ட தண்ணீர் காற்றில் சேர்கிறது. ஜன்னல்களை எதிரெதிர்ப் பக்கத்தில் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் படுக்க வேண்டும். கதவுக்கு மேலே மழைத்தடுப்புப் பட்டை பொருத்தியிருந்தால் மழையிலும் அது முடியும். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு, ஜன்னலை ஏற்றிக்கொண்டு தூங்குவது உயிரோடு விளையாடுவது. புகைக்குழாய் கசிந்தாலோ அடைபட்டாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலை நகரில் பனிப்புயலில் சிக்கிய வாகனங்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஓடும் எஞ்சினின் புகைவழியைப் பனி மூடியதால் வந்த நச்சுவாயுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

எப்போதும் மங்கினால்

ஒருவர் மட்டும் போகும்போதும், மழையில்லாத நாளிலும் கண்ணாடி மங்குகிறது என்றால் காருக்குள் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. கால்மிதியைத் தூக்கிவிட்டுக் கீழே உள்ள கார்ப்பெட்டை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்தாற்போல இருந்தாலும் அடியில் இருக்கும் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் இரவில் கார்ப்பெட் மேல் செய்தித்தாளை விரித்து, மேல் ஏதாவது பாரம் வைத்துவிடுங்கள். காலையில் தாள் எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது என்பதே கசிவு எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

நீலகிரியில் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் பொருந்தியிருக்கும் பள்ளம். கற்பூர மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இலைகள் அங்கே சேர்ந்து, மட்கி, வடிகால் துளையை அடைத்துவிடும். மழைநீர் தேங்கி, காற்று இழுக்கும் வழியாகவே காருக்குள் இறங்கும். சன்ரூஃப் உள்ள கார்களில் அதன் மூலைகளில் இருக்கும் வடிகுழாய்களும் இப்படி அடைபடும். கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்பதை விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். ஏசித் தண்ணீர் வண்டிக்கடியில் சொட்டாமல், முன்சீட்டில் இருப்பவரின் காலடி நனைகிறது என்றால் அந்தச் சின்னக் குழாய் அடைத்திருக்கிறது, மெக்கானிக்கிடம் சில நிமிட வேலை. கண்ணாடியில் படியும் ஈரம் பிசுபிசுப்பாக எண்ணெய்ப் படலம் போல இருந்து, உள்ளே இனிப்பான வாடையும் அடித்தால் ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் கசிகிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது, கூலன்ட் குறைந்தால் எஞ்சின் சூடேறிக் கெட்டுப்போகும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இந்தக் கார்ப்பெட் சோதனை பயன்படும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. வெள்ளத்தில் நின்ற கார் மேலே பளபளவென்று பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்தாலும் கார்ப்பெட் அடியில் உள்ள பஞ்சு எளிதில் பொய் சொல்லாது. கண்ணாடியை ஏற்றி, ஏசி போடாமல் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கும்போதே கண்ணாடி சீக்கிரம் மங்கி, பூஞ்சை வாடையும் வந்தால், சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

கண்ணாடியின் சுத்தமும் முக்கியம். டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காயும்போது வெளிவிடும் ஆவி, சிகரெட் புகை, கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத படலமாகச் சேர்கின்றன. ஈரத்துளி பற்றிக்கொள்ள அது வசதியான இடம். உள்ளங்கையால் துடைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் பிசுக்கைக் கூட்டுகிறார்கள், அடுத்த முறை அதே இடம் முதலில் மங்கும். ஓரிரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் துடைத்து, சுத்தமான ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தேய்த்தால் போதும்.

ஷேவிங் ஃபோம் தடவித் துடைத்தால் மங்காது என்பார்கள். அதில் உண்மை உண்டு. சோப்பு போன்ற பொருளின் மெல்லிய படலம் இருந்தால் ஈரம் துளிகளாக நிற்காமல் ஒரே தாளாகப் பரவும், ஊடுருவிப் பார்க்க முடியும். ஆனால் சில நாள்தான் தாங்கும். இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் தீற்றல் தீற்றலாகக் கூசும். பக்கக் கண்ணாடிகளுக்குச் சரி, முன்கண்ணாடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்ப்பது மாவுப் படலத்தைத்தான் விட்டுச்செல்லும், வேண்டாம்.

சிலிக்கா ஜெல் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், கடைகளில் நிறைய விற்கிறார்கள். ஒரு கிலோ சிலிக்கா ஜெல் சுமார் 300 கிராம் அளவுக்குத் தண்ணீரை இழுக்கும், அதுவும் மெதுவாக. நான்கு பேர் மணிக்கு 140 கிராம் வெளிவிடும் ஓட்டத்தில் அதனால் ஈடுகொடுக்க முடியாது. நிறுத்திவைத்த காரில் இரவு ஈரத்தைக் குறைக்க மட்டும் உதவும். நிரம்பிய பிறகு ஓவனில் 120 டிகிரி சூட்டில் உலர்த்தினால்தான் மறுபடி உழைக்கும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கக்கூடும், அவற்றைச் சமையல் பாத்திரத்தில் வைக்கவோ குழந்தைகள் கையில் கொடுக்கவோ கூடாது. அலமாரிக்கு விற்கும், தண்ணீராகக் கரைந்து சேரும் டப்பாக்களைக் காரில் வைக்காதீர்கள். அந்த உப்புநீர் கவிழ்ந்தால் தரைத்தகடு துருப்பிடிக்கும்.

டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இவை அனைத்தும் பொருந்தும், அளவுதான் பெரிது. பனி பெய்யும் நாட்களில் அங்கே முதல் எதிரி பூட்ஸில் ஒட்டிவரும் பனி. ஏறும்முன் உதறுவதும், விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் போட்டு அதில் தேங்கும் நீரை அன்றாடம் கொட்டுவதும் பாதி வேலையை முடித்துவிடும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் கார், உள்ளே காயும் அளவுக்குச் சூடாவதே இல்லை. வாரத்தில் ஒருமுறையாவது நீண்ட ஓட்டத்தில் ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்து ஓட்டிக் காயவைக்க வேண்டும். பிரிட்டனின் சாலை விதிநூலில் 229ஆம் விதி, கிளம்பும் முன் எல்லாக் கண்ணாடிகளிலும் பனி நீக்கி, மங்கலை முழுமையாகத் தெளியவைத்திருக்க வேண்டும் என்கிறது. எட்டிப்பார்க்க ஒரு சின்ன ஓட்டையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவது அங்கே விதிமீறல்.

கீழே இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலிருந்து குளிர்ந்த கண்ணாடியோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால், சமவெளியின் வெப்பக்காற்றில் உள்ள ஈரம் கண்ணாடியின் வெளிப்பக்கம் படிகிறது. சென்னையில் மழைநாள் இரவில் ஏசியை முழுக்குளிரில் முன்கண்ணாடிக்குத் திருப்பினாலும் இதுதான் நடக்கும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மங்கல் விலகினால் ஈரம் வெளியே இருக்கிறது, குளிர்க்காற்று கண்ணாடியில் படாமல் திருப்பிவிட்டு, ஏசியின் குளிரைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். விலகாவிட்டால் ஈரம் உள்ளே, மேலே சொன்ன வழிகள்தான்.

ஓடும் வண்டியில் கண்ணாடி திடீரென்று மங்கினால் துடைக்கக் கையை நீட்டாதீர்கள். வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டு, பக்கத்து ஜன்னலை இறக்கி, முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்புங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் வளைவில் அல்லாத, அகலமான ஓரத்தில் நிறுத்திக் காத்திருங்கள். நான்கு கண்ணாடிகளும் தெளியும்வரை கியர் போட வேண்டாம்.